ஒரே பொய், இரண்டு தரம்

நாலாம் பாடவேளை. பத்தாம் தரம்.
தகரத்தில் மழை பேசத் தொடங்கிவிட்டால்
நான் பேசி என்ன ஆகப்போகிறது?
அன்று வாய்க்கு விடுமுறை,
கைக்குத்தான் பாடம்.

முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டத்தை
எண் தெரியாதபடி பேப்பர் சுற்றி ஒட்டியிருந்தேன்.
நூல் கட்டியது நடுவில் அல்ல, பன்னிரண்டில்.
குட்டைக் கையின் நுனியில், பேப்பருக்கு அடியில்,
ஒட்டிவைத்த களிமண் உருண்டை.
இரு முனையிலும் யோகட் கப்.
ஒன்றும் போடாதவரை
நீதிமன்றச் சின்னம்போல் நேராய் நின்றது என் தராசு.

கரும்பலகையில் எழுதினேன்:
இந்தக் கல் எத்தனை போளை?

ரொமேஷ் கல்லை இடப்பக்கம் வைத்தான்.
எட்டுப் போளையில் சமம்.
எட்டு என்று எழுதி இரட்டைக் கோடும் போட்டுவிட்டான்.
சன்னலோரக் குழு வலப்பக்கம் வைத்தது.
பதினெட்டு.

பிறகு எழுந்த சத்தத்தில் மழை அடங்கிப்போனது.
போளையை ஒளித்தது நீ,
நூலைத் தொட்டது நீ,
உனக்கு எண்ணத் தெரியாது, உனக்குக் கண் தெரியாது.

"தராசு களவு, சேர்" என்றாள் ஜெனோஷா.
"சும்மா தொங்குறப்ப நேரா நின்னா
நல்ல தராசுன்னு யாரு சொன்னா?"

பத்து நிமிடம் என்று பாடத்திட்டத்தில் எழுதியிருந்தேன்.
மூன்றே நிமிடத்தில் உடைத்துவிட்டாள்.

சரி, களவுதான். கல் எத்தனை?
"கூட்டி ரெண்டால பிரி" என்றான் ரொமேஷ். பதின்மூன்று.
பேப்பரைக் கிழித்தோம்; களிமண்ணைப் பிய்த்தோம்;
நூலை நடுவுக்கு நகர்த்தி நிறுத்தோம்.
பன்னிரண்டு.
எட்டையும் பதினெட்டையும் கூட்டக் கூடாது, பெருக்கவேண்டும்;
நூற்று நாற்பத்து நான்கின்
வர்க்கமூலத்தில் இருந்தது கல்.
கையில் வந்த ஒரு போளை போய்விட்டதென்று
ரொமேஷுக்கு முகமே இல்லை.

முடிந்தது என்று நினைத்துச் சோக்குத் தூளைத் தட்டினேன்.
ஜெனோஷா உட்காரவில்லை.

"எங்க மடுவத்துல தொங்குற தராசு, சேர்.
கொக்கி ஒண்ணுதான்.
மாத்தி வைக்க மத்தப் பக்கம் இல்ல."

சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு,
அதற்கும் மேல் முள் தானாய் விழுங்குவது எவ்வளவு?
இதை அவள் சொல்லவில்லை.
வகுப்பில் பாதிப்பேருக்குச் சொல்லவேண்டியதும் இல்லை.
ஆசிரியர் கைந்நூலைப் புரட்டுவதுபோல்
கொஞ்சநேரம் நடித்தேன்.

பின்வாங்கில் பவித்திரன்.
இடாப்பு வாசிக்கும்போது தவிர
அவன் குரலை நான் கேட்டதில்லை.
"பொய் சொல்லட்டும், சேர்.
ஒரே பொய்ய ரெண்டு தரம் சொல்ல வைப்போம்."

ரப்பர் வளையம் ஒன்றில் கப்பைக் கட்டி
ஆணியில் மாட்டினான். கல்லைப் போட்டான்.
இழுபட்ட இடத்துக்குச் சுவரில் பென்சில் கோடு.
கல்லை எடுத்தான்.
மஸ்கெலியாவில் நான் வாங்கிய போளைகளை
ஒவ்வொன்றாய்ப் போட்டான்.
பன்னிரண்டாவதில் கப் கோட்டுக்கு வந்தது.

ஒன்று இரண்டுகூடத் தெரியாத ரப்பர்.

"அங்க போளைக்கு எங்க போவ?" இது ரொமேஷ்.
"தண்ணி. ஒரு லீற்றர், ஒரு கிலோ."

மணி அடித்தது. பதிவுப் புத்தகத்தில் எழுதினேன்:
வர்க்கமூலம், புதிர் வழி. நிறைவு.

மறுநாள் சன்னல்கட்டில் ஏழு சோடாப் போத்தல்கள்,
ஒரு லீற்றர், கழுவிக் கவிழ்த்தவை.
புதன்கிழமை பதினான்கு.
யார் கொண்டுவந்தது என்று நான் கேட்கவில்லை.
பெயர் கூப்பிட்டேன், பின்னக் கணக்குக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை சன்னல்கட்டு வெறுமை.
சிமெந்தில் இன்னும் காயாத வட்டங்கள்.
எண்ணினேன். இருபது.
பவித்திரன் வரவில்லை, ஜெனோஷா வரவில்லை.
ரொமேஷ் மட்டும்
மூடிகள் நிறைந்த சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு
வகுப்புக்குப் பிந்தி வந்தான்.